அம்மா உட்கார்ந்த கண்ணாடி

பெரியவளின் மூக்குக்கண்ணாடிக்குத் தீராத வியாதி ஒன்று வந்திருந்தது. சில நாள் ஒழுங்காக இருக்கும். பிறகு திருகாணி கழன்று ஒரு பக்கத்துக் கம்பி கையோடு வந்துவிடும். கடைக்குக் கொண்டுபோய் முறுக்கிக்கொண்டு வருவாள். மறுபடியும் சில நாள், மறுபடியும் கம்பி கையில். ஃபிரேமே சரியில்லை, வேறு வாங்கிக்கொள் என்று அப்பா சொன்னார். இதுவே போதும் என்று சொல்லிவிட்டாள் அந்தச் சிக்கனத் திலகம்.

வியாதியின் காரணத்தைக் கண்டுபிடித்தவள் சின்னவள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள், அதாவது பள்ளிக்கூடம் அப்படி நம்பிக்கொண்டிருக்கிறது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். ஒருநாள் காலையில் கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். அடுத்தவர் கதவிடுக்கில் கண்ணை வைப்பது தப்பு என்று அவளுக்கும் தெரியும், தெரிந்துதான் வைத்தாள். உள்ளே அக்கா நகவெட்டியின் முனையால் தன் கண்ணாடித் திருகாணியைத் தானே பக்குவமாகத் தளர்த்திக்கொண்டிருந்தாள். அதைச் செய்துகொண்டே ஏதோ ஒரு பாட்டையும் முணுமுணுத்தாள்.

திருகாணியைக்கூட மன்னித்துவிடலாம். பாட்டுதான் சின்னவளைச் சுட்டது. அம்மா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் பாடியதில்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரார் வீட்டு லிஃப்டையெல்லாம் ஓடவைத்துவிட்டு வந்து, டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். அக்காவும் தங்கையும் அழுவதென்றால் ஒரே போர்வைக்குள் சேர்ந்து அழுவார்கள். அதில் பாதிப் பங்குக்காரி சொல்லாமல் கொள்ளாமல் பாட்டுப் பாடக் கிளம்பினால் மற்றவளுக்கு எப்படி இருக்கும்? சின்னவளுக்கு நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது.

அன்று மாலையே பின்தொடர்ந்தாள். மருந்துக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த மூக்குக்கண்ணாடிக் கடை. உள்ளே லென்ஸ் பொருத்துகிற ஒருவன், அக்காவின் ஃபிரேமைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டிருந்தான். அக்கா பேசிக்கொண்டிருந்தாள். பேச்சென்றால் அப்படிப் பேச்சு. வீட்டில் "சாப்பிடு", "தூங்கு" என்பதைத் தாண்டி வாயைத் திறக்காதவள், திறந்துவிட்ட குழாயாகக் கொட்டிக்கொண்டிருந்தாள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று அம்மா சொல்வது சரிதான் என்று எதிர்ச்சாரியில் நின்றபடி நினைத்தாள் தங்கை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் மட்டும் தனியாகப் போய்க் கடைக்குள் நுழைந்தாள்.

"அங்கிள், எங்க அக்கா கண்ணாடிக்கு அப்படி என்னதான் ஆச்சு?"

மீசை இப்போதுதான் ஒழுங்காக முளைத்த ஒருவனை அங்கிள் என்று கூப்பிடுவதைவிடப் பெரிய அடி கிடையாது. லென்ஸ்காரன் அதை வாங்கிக்கொண்டான்.

"நீதான் வாலுவா?" என்றான். "கண்ணாடி மேல ஒரு தப்பும் இல்ல. உங்க அம்மாகிட்டதான் கொஞ்சம் பாத்து உக்காரச் சொல்லணும்."

"யாருகிட்ட?"

"உங்க அம்மாகிட்ட. போன வாரம் அது மேலயே உக்காந்துட்டாங்களாமே. அதுக்கு முந்தி ஒட்டடைக் குச்சியால தட்டி விட்டுட்டாங்க. அதுக்கும் முந்தி அரிசியோட சேத்து ஊற வச்சிட்டாங்களாம்." குரலைத் தாழ்த்தினான். "தப்பா நினைக்காத. உங்க அம்மா கொஞ்சம் பெரிய உடம்போ?"

சின்னவள் கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எங்கம்மா செத்துப்போயிட்டாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்காவின் கதை கந்தல். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் எதிரில் நின்றவனுக்கு அம்மா போன வாரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். உலகத்திலேயே இவன் ஒருவனுக்குத்தான் அம்மா இப்போதும் வீட்டில் எதையாவது உடைத்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பிடுங்கச் சின்னவளுக்குக் கை வரவில்லை. அதோடு, ஈர்க்குச்சி மாதிரி இருந்த அம்மாவைக் குண்டு என்கிறானே என்று கோபம் வேறு வந்துவிட்டது.

"எங்கம்மா ஒண்ணும் குண்டு இல்ல! அவங்க உக்காந்தா முட்டைகூட உடையாது!"

"அப்புறம் எப்படிக் கண்ணாடி..."

"கோவமா உக்காந்திருப்பாங்க."

ஓஹோ என்று தலையாட்டினான் அவன். சின்னவள் வெளியே வந்தாள். தானும் அந்தப் பொய்க்குள் ஒரு காலை வைத்துவிட்டோம் என்பது பாதித் தெரு நடந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அன்று பாத்திரம் கழுவும்போது அக்காவை மடக்கினாள். பெரியவள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்து, முடியாமல், கையில் நுரையோடு நின்றாள்.

"வாய் தவறி வந்துடுச்சுடி. முதல் தடவை நான்தான் அது மேல உக்காந்துட்டேன். யாரு உக்காந்ததுன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டான். எனக்கு வெக்கமா இருந்துச்சு. எங்கம்மான்னு சொல்லிட்டேன்." குழாயை மூடினாள். "சொன்ன உடனே எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? காலேஜ்ல, தெருவுல, எங்க போனாலும் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் தலையைச் சாய்ச்சுப் பாக்குறாங்க. அவன் ஒருத்தன்தான் அம்மா இருக்கற பொண்ணுகிட்ட பேசற மாதிரி பேசறான்."

"அதுக்காக அம்மாவைக் குண்டாக்குவியா?"

பெரியவள் அவளைப் பார்த்தாள். முதலில் யார் சிரித்தது என்று பிற்பாடு இருவரும் சண்டை போட்டார்கள். சிரித்தது நிச்சயம். கூடத்தில் அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒரு நிமிடம் காதுகொடுத்தார்.

அன்று தொடங்கியது கூட்டு வியாபாரம். சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே மறுநாளைக்கான அம்மாவை இருவரும் தயார் செய்தார்கள். அம்மா யாரோடு சண்டை போட்டாள், எதைத் தொலைத்தாள், எதற்குச் சிரித்தாள். இதற்கென்று சட்டதிட்டங்களும் இருந்தன. அம்மாவை ஊருக்கு அனுப்பக் கூடாது. அம்மாவுக்கு உடம்புக்கு எதுவும் வரக் கூடாது, தும்மல்கூட. பொய்க்குச் சுவை சேர வேண்டுமென்றால் நிஜத்தை இரண்டு கரண்டி கலந்துகொள்ளலாம். "அம்மா அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்று ஒருத்தி மறுத்தால் மற்றவள் மாற்றியாக வேண்டும். இந்த ஒரு சட்டத்தினால்தான் தட்டுகள் உடைந்தன.

பொய்தானே என்பீர்கள். ஆமாம், கலப்படமில்லாத பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் பொய்தான். இறந்தவளை வைத்து விளையாடுகின்றனவா இந்தக் குட்டிகள் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். போர்வைக்குள் அழுத அழுகையில் அம்மா ஒருநாளும் வரவில்லை. பாத்திரம் கழுவும் நேரத்தில் வந்தாள். சின்னவள் பள்ளிக்கூடம் விட்டுக் கடைவழியே ஓடிவந்து, "இன்னிக்கு எங்கம்மா என்ன பண்ணாங்க தெரியுமா!" என்று மூச்சிரைக்க ஆரம்பிக்கும்போது, அதைச் சொல்லி முடிக்கிறவரை அவளுக்கு வயிற்றுக்குள் எந்த ஓட்டையும் இல்லை.

அக்காவின் காதலையும் அந்தச் சாக்கில் அவள் மேற்பார்வை பார்த்தாள். பார்க்க அதில் ஒன்றும் இல்லை, ஏமாற்றம்தான். அவன் லென்ஸைத் துணியால் துடைப்பான். துடைத்ததையே திரும்பத் துடைப்பான். கண்ணாடி இல்லாத அக்காவுக்கு எதிரில் இருப்பது ஆளா தூணா என்று தெரியாது, இருந்தும் அந்தத் திசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். துடைத்து முடித்து அவனே அவள் காதில் மாட்டிவிட்டு, கம்பி காதில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்ப்பான். அதற்கு ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று சின்னவளுக்குப் புரிந்தது. புரியாத மாதிரி, "அங்கிள், காது அவங்களோடதுதான், ஒண்ணும் விழுந்துடாது" என்றாள்.

வாலாட்டாமல் இருக்க முடியாத பிறவி. அம்மாவின் தூதர் என்ற பதவி வேறு தலைக்கேறியிருந்தது. ஒருநாள் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "உங்க அம்மாவுக்கு... என்னைப் பத்தி எதுவும் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் சின்னவள், ஒரு வினாடிகூட யோசிக்காமல். "ஆனா அவங்க ஆளைப் பாக்க மாட்டாங்க. பல்லைத்தான் பாப்பாங்க. பல் டாக்டர்கிட்ட உதவியாளரா இருக்காங்க இல்ல? எங்கப்பாவையே பல்லைப் பாத்துதான் கட்டிக்கிட்டாங்க."

லென்ஸ்காரனின் வாய் தானாக மூடிக்கொண்டது. அவனுக்கு மேல்வரிசையில் ஒரு பல் இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். டீக்கடைக்குத் தினமும் எத்தனை தடவை போகிறான் என்பதை மற்ற பற்கள் சொல்லும்.

"எந்த டாக்டர்கிட்ட?" என்றான், உதட்டைத் திறக்காமல்.

"மார்க்கெட் முனையில, மாடியில."

இதுவரை மூட்டை மூட்டையாகப் பொய் சொல்லியிருக்கிறாள், ஒரு கேடும் வரவில்லை. அன்று பல்லைப் பற்றிச் சொன்னதெல்லாம் சுத்தமான உண்மை. அம்மா அங்கேதான் வேலை பார்த்தாள், அப்பாவின் பல்லைப் பார்த்துதான் மயங்கினாள். உண்மை பேசினால் என்ன ஆகும் என்பதைச் சின்னவள் அடுத்த விடுமுறை நாளில் தெரிந்துகொண்டாள்.

அன்று அக்காவும் தங்கையும் சேர்ந்தே கடைக்குப் போனார்கள். லென்ஸ்காரன் இல்லை. கடை முதலாளி பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "பல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான். கிளீன் பண்ணப் போறானாம், புதுச் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு. அங்க வேலை பாக்கற ஒரு அம்மாகிட்ட நல்ல பேரு வாங்கணுமாம். பல் தேய்க்கப் புதுச் சட்டை எதுக்குன்னு கேட்டேன், சிரிச்சான். வாயை மூடிக்கிட்டே."

பெரியவள் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குச் சின்னவள் ஒரு மாசத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கெல்லாம் நேரமில்லை. இருவரும் ஓடினார்கள்.

ஓடும்போது பெரியவளின் பயம் ஒன்று, சின்னவளின் பயம் வேறு. அவன் தன்னைப் பொய்க்காரி என்று தூக்கியெறிந்துவிடுவான் என்று பெரியவள் பயந்தாள். சின்னவளுக்கு அவன் எக்கேடு கெட்டாலும் ஒன்றுமில்லை. அந்த மாடியில் யாராவது அவனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டால் அம்மாவுக்கு இருந்த கடைசி இடமும் போய்விடும். அம்மா இன்னொரு தடவை செத்துப்போவாள், அதற்கு இந்த முறை காரணம் காய்ச்சல் இல்லை, சின்னவளின் வாய்.

மாடிப்படியில் ஏறியதும் கிராம்பு எண்ணெய் வாசனை வந்தது. அம்மா வேலை முடிந்து வந்து தலையைத் தடவும்போது கையில் இருக்கும் வாசனை. சின்னவள் படியிலேயே நின்றுவிட்டாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். குள்ளமான, நரைத்த, ஊரறிந்த கோபக்காரி. பல்வலியைவிட அவருக்குப் பயந்துதான் ஜனங்கள் ஒழுங்காகப் பல் தேய்க்கிறார்கள் என்று அம்மா சொல்வாள். திறந்த கதவு வழியே லென்ஸ்காரன் தெரிந்தான். நாற்காலியில் மல்லாந்து, விளக்கு வெளிச்சத்தில், வாய் நிறையப் பஞ்சோடு கிடந்தான். இவர்களைப் பார்த்ததும் கையை மட்டும் லேசாகத் தூக்கினான்.

டாக்டர் கதவை ஒருக்களித்தார். "சுத்தம் பண்ண வந்தவனுக்கு ரெண்டு சொத்தை இருக்கு. மருந்து வச்சிருக்கேன்" என்றார். பிறகு, "உங்கம்மாவைப் பாக்கணும்னு வந்திருக்கான். அவங்களுக்குப் பல்லைக் காட்டணுமாம். நான் எதுவும் சொல்லல."

அடுத்து வரப்போகும் இடிக்காக இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இடி வரவில்லை. டாக்டர் கையுறையைக் கழற்றினார், கழற்றியதை மறுபடி விரித்தார், மடித்தார். பிறகு சின்னவளிடம் குனிந்து, இதுவரை அந்த மாடியில் யாரும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கேட்டார்.

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

சின்னவள் விழித்தாள்.

"கடைசியா வந்த அன்னிக்கு உடம்பு சரியில்லாமதான் வந்தா. என்கிட்ட சொல்லல. கை நடுங்கி ட்ரேயைக் கீழ போட்டுட்டா. நான் கண்டபடி கத்திட்டேன். நாளைக்கு வந்ததும் சமாதானமா ரெண்டு வார்த்தை பேசிக்கலாம்னு விட்டுட்டேன்." டாக்டர் நிமிரவில்லை. "வீட்டுல வந்து ஏதாவது சொன்னாளா, பாப்பா?"

பதில் கைவசம் இருந்தது. அவங்க நல்லவங்க, கோவம் மட்டும்தான்னு சொன்னாங்க என்று அம்மாவின் குரலிலேயே சொல்லியிருக்கலாம். டாக்டர் அப்படியே அள்ளிக்கொண்டிருப்பார். நூறு தடவை செய்த வேலை, நூற்றொன்றாவது தடவை என்ன? ஆனால் லென்ஸ்காரனிடம் சொன்னதெல்லாம் அம்மா சிரித்துக்கொண்டே சம்மதித்திருக்கக் கூடிய பொய்கள். இது அப்படியல்ல. இந்தக் கிழவியை மன்னிப்பதா வேண்டாமா என்பதை அம்மாதான் சொல்ல வேண்டும். அவளுக்குப் பதிலாக வேறு யாரும் சொல்ல முடியாது. அம்மாவோ அன்று வீட்டுக்கு வந்து எதுவும் சொல்லாமல் போர்த்திப் படுத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் சொல்லல" என்றாள் சின்னவள். "அம்மா எதுவும் சொல்லல டாக்டர். அம்மா செத்துப்போயிட்டாங்க."

இத்தனை மாதத்தில் அந்த வாக்கியத்தை அவள் சொன்னதே இல்லை. பள்ளிக்கூடத்தில் அப்பா சொன்னார், அக்கம்பக்கத்தில் அக்கா சொன்னாள். அவள் வாயிலிருந்து முதல் தடவையாக வந்தது. தேவைக்கு மேல் சத்தமாகவும் வந்தது. உள்ளே ஏதோ ஒரு ட்ரே கடகடத்தது.

பெரியவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். முதல் நாள் உட்கார்ந்து நசுக்கியதிலிருந்து ஆரம்பித்து, நகவெட்டி வரைக்கும் எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தாள். குறுக்கே பேச முடியாத ஆளிடம் உண்மையைச் சொல்லும் பாக்கியம் எத்தனை காதலிகளுக்குக் கிடைக்கும்? அவன் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. டாக்டர் வந்து தன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வாயை மூடாதே, இன்னும் காயல" என்று அவனை அதட்டினார். ஊசி போட்டும் வலிக்கிறதா என்று கேட்டார். அவன் இல்லையென்று தலையாட்டப் பார்த்து அதற்கும் திட்டு வாங்கினான்.

முடிந்து, மூவரும் வெளி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஊசியில் மரத்துப்போய் அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பெரியவள் அவனிடமிருந்து தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"திட்டறதுன்னா திட்டிடுங்க" என்றாள்.

அவன் கையிலிருந்த பஞ்சால் வாயோரத்தை ஒற்றினான். பிறகு கோணல் வாயால் மெதுவாகக் கேட்டான். "அப்போ... எது எதெல்லாம் நிஜம்?"

பெரியவள் நிமிர்ந்தாள்.

"முட்டி வலி?"

"நிஜம்" என்றாள் பெரியவள்.

"கோவம்?"

"நிஜம். சொன்னது கம்மி."

"அரிசில ஊற வச்சது?"

"அது எங்கப்பா" என்று சின்னவள் முந்திக்கொண்டாள். அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொய்யை ஒவ்வொன்றாகப் பிரிப்பது அவளுக்குப் பிடித்துக்கூட இருந்தது.

"வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு, யாருக்கும் தெரியாம மத்தியான ஆட்டத்துக்குத் தனியா சினிமாவுக்குப் போவாங்கன்னு சொன்னீங்களே?"

சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அது சுத்தப் புளுகு! எங்கம்மாவாவது, தனியாவாவது! அக்கா, இதை எப்ப விட்டே? என்கிட்ட கேக்கவே இல்லையே."

பெரியவள் சிரிக்கவில்லை.

"அக்கா?"

"அது நிஜம்டி" என்றாள் பெரியவள். "ரெண்டு தடவை என்னையும் கூட்டிட்டுப் போயிருக்காங்க. செருப்பைக் கழட்டிட்டு, முன் சீட்டு மேல காலைத் தூக்கி வச்சுக்கிட்டுப் பாப்பாங்க. எல்லாரும் அழற எடத்துல இவங்க மட்டும் சிரிப்பாங்க. எனக்கு மானம் போகும்."

சின்னவளுக்கு அம்மாவைப் பற்றித் தெரியாதது ஒன்றும் கிடையாது. அப்படித்தான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். இருந்த அம்மா அவ்வளவுதான், இனி ஞாபகத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க வேண்டும் என்று இருந்தாள். இப்போது எங்கோ ஒரு இருட்டு அரங்கத்தில், காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, அவள் பார்த்தே இராத ஒரு அம்மா உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். போய்ச் சண்டை போட வழியில்லை.

"என்னை ஏன் கூட்டிட்டுப் போகல?" என்றாள். அக்காவிடம் கேட்கவில்லை, பெஞ்சுக்கு எதிரே இருந்த சுவரிடம் கேட்டாள். "அவளை மட்டும் ஏன் கூட்டிட்டுப் போனீங்க? என்னை ஏன் கூட்டிட்டுப் போகல?"

அழுகை வந்துவிட்டது. மிட்டாயில் பெரிய துண்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டதற்காகக் காலை உதைத்துக்கொண்டு அழும் சின்னப் பிள்ளையின் அழுகை. டாக்டர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். லென்ஸ்காரன் என்ன செய்வதென்று தெரியாமல், மிச்சமிருந்த பஞ்சை நீட்டினான். பெரியவள் தங்கையை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். அவள் கன்னமும் நனைந்திருந்தது.

"நீ சின்னவ, உன் வாயில எதுவும் நிக்காது, அப்பாகிட்ட உளறிடுவேன்னாங்க" என்றாள் தலையைத் தடவியபடி. "பத்தாவது பரீட்சை முடியட்டும், அவளையும் ஒருநாள் கூட்டிட்டுப் போகணும்னு சொன்னாங்க."

சின்னவள் முகத்தைத் தூக்கி அக்காவைப் பார்த்தாள். பாத்திரம் கழுவிக் கழுவி, அக்கா பொய் சொல்லும்போது குரல் எங்கே இறங்கும், நிஜம் சொல்லும்போது எங்கே இறங்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. இப்போது எங்கே இறங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை. நிஜமாவா என்று கேட்டால் சொல்லிவிடுவாள். இன்றைக்கு யார் எதைக் கேட்டாலும் அக்கா உண்மையைச் சொல்லிவிடுவாள்.

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள்.

"எந்தப் படத்துக்கு?" என்று கேட்டாள்.